கடைசி மேசை ஜாடி

துப்பிய ஒயினை எடுத்துக் கொட்டுவது என் வேலை. வாங்கிக் கொடுத்தவர் மச்சான், என் அக்கா வீட்டுக்காரர். அந்த ஒயின் கடையில் பரிமாறுகிறவர்களுக்கெல்லாம் அவர்தான் மேற்பார்வை.

கடை மாடியில் வாரா வாரம் வகுப்பு. போர்டோ என்ற பிரெஞ்சு சிவப்பு ஒயினைத் தெரிந்துகொள்ள ஆட்கள் வருவார்கள். கோப்பையைச் சுழற்றுவார்கள், மூக்கை உள்ளே விடுவார்கள், ஒரு வாய் எடுத்துக் கன்னம் உப்பக் குலுக்குவார்கள், மேசையில் வைத்த வாளியில் துப்புவார்கள். விழுங்கினால் தலை கிறுகிறுத்து அடுத்த ஒயினின் ருசி தெரியாதாம்.

"பழ வாசனை வருதா? பென்சில் சீவின வாசனை? புகையிலை?" என்பார் வகுப்பு எடுப்பவர்.

எனக்கு வந்ததெல்லாம் வாளியின் வாசனை. ரோஸ் நிறத்தில் நுரை, அதில் ஊறிய ரொட்டித் துணுக்கு, நூல் நூலாகக் கோழை. வீட்டுக்குப் போனாலும் சோற்றில் கை வைக்க மனசு வராது. ஒருமுறை எனக்கும் ஒரு வாய் கொடுத்தார்கள். ஈறெல்லாம் இழுத்துக்கொண்டது. பழைய செருப்பை ஊறவைத்து வடித்தது போல இருந்தது.

காற்றுப் பட்டால் துவர்ப்பு அடங்கும் என்று நல்ல ஒயினை அடி அகன்ற கண்ணாடி ஜாடியில் ஊற்றி வைப்பார்கள். மிஞ்சியது வேலை செய்கிறவர்களுக்கு. அன்று ஒரு வாளி அடியில் ஓட்டை. கடைசி மேசைக்காரர்கள் துப்புவதற்கு ஒரு பழைய ஜாடியை வைத்தேன். மேசைகளைத் துடைத்துவிட்டு வந்து பார்த்தால் ஜாடி காலி. யாரோ கொட்டிவிட்டார்கள், ஒரு வேலை மிச்சம் என்று நினைத்தேன்.

மறுநாள் அக்கா மகளுக்குக் கல்யாணப் பேச்சு. மாப்பிள்ளையின் அப்பா வந்திருந்தார். மச்சான் தங்க எழுத்து லேபிள் ஒட்டிய பாட்டிலைத் திறந்து, ஆளுக்கொரு கோப்பையில் ஊற்றினார். என் கோப்பையில் ஒரு ரொட்டித் துணுக்கு மிதந்தது.

மச்சானை அடுப்படிக்கு இழுத்துப் போனேன். "மச்சான், இது ஏது?"

"கடைசி மேசை ஜாடியில நிறைய மிச்சம் இருந்துச்சு. காலி பாட்டில்ல பிடிச்சேன்."

"அது துப்புறதுக்கு நான் வச்ச ஜாடி."

அவர் முகம் வெளுத்தது. ஒரு நிமிஷம்தான். "வாய மூடு. ஊத்தியாச்சு. இப்பப் போய்ச் சொன்னா அந்த மனுஷன் எந்திரிச்சுப் போயிருவாரு. எம் பொண்ணு வாழ்க்கைடா."

"எச்சில் மச்சான்."

"பெரிய பெரிய ஆளுங்க எச்சில்தானே."

அந்தப் பேச்சு ஜாடியில் இருந்ததைவிட நாறியது.

கூடத்தில் மாப்பிள்ளையின் அப்பா கோப்பையைத் தொடாமல் காத்திருந்தார். "பொண்ணுக்குத் தாய்மாமன் நீங்க. முதல்ல நீங்க குடிங்க, நான் பார்த்துக் கத்துக்கிறேன்."

கதவோரம் அக்கா மகள் நின்றாள். அந்தப் பையன் மேல் அவளுக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். கோப்பையை எடுத்தேன். சுழற்றினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் எடுத்தேன். வெதுவெதுப்பாக, வழவழவென்று. கடைசி மேசையின் முகங்கள் ஒவ்வொன்றாக நாக்கில் வந்து உட்கார்ந்தன. கன்னம் உப்பக் குலுக்கிவிட்டு, காலி டம்ளர் ஒன்றை இழுத்து, அவர் கண் முன்னாலேயே நீளமாகத் துப்பினேன்.

"முழுங்கக் கூடாதுங்க. துப்பணும். அதுதான் முறை."

அவர் டம்ளரைப் பார்த்தார். நூலாகத் தொங்கியதையும் பார்த்தார். தன் கோப்பையை ஒரு விரலால் தள்ளி வைத்தார்.

"நமக்கு இதெல்லாம் ஒத்து வராது சம்பந்தி. காபி இருந்தா போடச் சொல்லுங்க."

சம்பந்தி என்று அவர் வாயால் வந்துவிட்டது. அக்கா மகள் உள்ளே ஓடினாள்.

அவர் போன பிறகு உப்பு போட்டு நான் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தேன். மச்சான் வந்து முதுகில் தட்டினார். "நல்லா சமாளிச்சடா. எப்படி இருந்துச்சு?"

அவருடைய கோப்பை இன்னும் நிரம்பியே இருந்தது. எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"பெரிய ஆளுங்களோடதுதானே மச்சான். குடிச்சுப் பாருங்க."

 அவர் தொட்டிப் பக்கம் திரும்பிக் கொட்டினார். தொட்டியைக் கழுவிவிட்டதும் நான்தான்.