மருமகள் கேட்ட கார்டு

சேகோவே வீட்டுக் கூடத்தில், பாயின் மேல்தலையில் உட்கார்ந்திருந்தேன். அந்த இடம் எனக்கு என் தகப்பனார் வழியாக வந்தது. சேகோவே என் தங்கையின் கணவன். அவன் வீடே ஆனாலும், நான் இருக்கும்போது அவன் உட்கார வேண்டியது கதவோரம்தான். அன்று சனிக்கிழமை மதியம். யங்கோனா வேர்ப்பொடியைத் தண்ணீரில் கரைத்து முதல் சிரட்டையை முறைப்படி எனக்குத்தான் நீட்டினார்கள். ஒரு முறை கை தட்டி வாங்கி, ஒரே மடக்கில் குடித்தேன். சிரட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தால், அறையில் இருந்த அத்தனை பேரும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கதவுக்குப் பக்கத்தில் ஒரு மேசை. அதன்மேல் சேகோவேயின் மகள் கெலெராவின் கம்ப்யூட்டர். பக்கவாட்டில் கண்ணாடி வைத்த கறுப்புப் பெட்டிக்குள் விசிறிகள் நீலமும் ஊதாவுமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. திரையில் யாரோ கூரை விட்டுக் கூரை தாவிச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். மழைத்துளி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. எனக்கு அந்த விளையாட்டு புரியாது, புரிந்துகொள்ள நான் முயன்றதும் இல்லை. ஆனால் எங்கள் சபையின் டீக்கன் தன் முறைச் சிரட்டையைக்கூட மறந்து வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு நன்றாகப் புரிந்தது.

சேகோவே மட்டும் திரும்பிப் பார்த்தான். "என்ன மச்சான், பாத்தீங்களா? வழுக்கிக்கிட்டுப் போகுது! உங்க பையன் செமெசாவோட பெட்டி எப்படி இருக்கு? இன்னும் இழுப்புதானா, இல்ல குணமாயிடுச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். மச்சான் முறைக்காரன் கிண்டல் செய்தால் கோபித்துக்கொள்வது எங்களில் இல்லை. "உன் குறட்டைக்கு அது எவ்வளவோ தேவலை. பாவம், என் தங்கச்சி காது" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வாயில் இருந்த யங்கோனாவின் கசப்பு நெடுநேரம் போகவில்லை.

இதை நான் எழுத வேண்டிய தேவை இல்லை. எங்கள் ஊர் நக்காசி முழுக்க இதை வேறு மாதிரியாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள் என்பதால் எழுதுகிறேன்.

மாதக் கடைசியில் தலைநகர் சுவாவில் கம்ப்யூட்டர் விளையாட்டுப் போட்டி. அவரவர் பெட்டியை அவரவர் தூக்கிக்கொண்டு போய் மண்டபத்தில் வரிசையாக வைத்து விளையாடுவார்கள். என் மகன் செமெசா ஒரு அணி, கெலெரா இன்னொரு அணி. ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது கூடவே குடும்பப் பெயரையும் சொல்வார்கள். சுங்க இலாகாவில் நான் வேலை பார்த்த காலத்தில் துறைமுகத்தில் எந்தக் கப்பல் கட்டினாலும் என் கையெழுத்து இல்லாமல் ஒரு பெட்டி இறங்காது. அந்தப் பெயரை வைத்திருப்பவன் பழைய தகர டப்பா ஒன்றைத் தூக்கிக்கொண்டு, கதவோரம் உட்காரும் வீட்டுப் பெண்ணுக்குப் பக்கத்தில் போய் உட்கார்வதா? வீடு திரும்பும்போது சேகோவே வீட்டு வேலி, அவன் வாழைக்குலை, அவன் மாடிப்படிக்கு அடித்த புதுப் பச்சை வர்ணம், எல்லாமே ஒரு சுற்றுப் பெரிதாகத் தெரிந்தன.

செமெசா துறைமுகத்தில் பளு தூக்கும் வண்டி ஓட்டுகிறான். அமைதியான பையன். பெட்டிக்குப் புதுப் பாகங்கள் வாங்க அவன் கொஞ்சம் சேர்த்து வைத்திருந்தான். மறுநாள் ஆராதனை முடிந்து, மரவள்ளியும் தேங்காய்ப்பாலில் வெந்த கீரையும் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், என் பங்குக்கு நானும் தருகிறேன் என்றேன். அவன் முகம் மலர்ந்தது.

"அப்படின்னா சரியா வரும்பா. நடுத்தரமா ஒரு கிராபிக்ஸ் கார்டு, கொஞ்சம் ராம், புதுசா ஒரு பவர் சப்ளை. இருக்குற காசுக்கு இதுதான் பொருத்தம். கெலெராகிட்டயும் கேட்டுட்டேன். அவளும் இதையேதான் சொன்னா."

கெலெராவிடம் கேட்டுவிட்டானாம். நான் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

கம்மிங் தெருக் கம்ப்யூட்டர் கடையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கடைக்காரர் ஒரு சின்னக் கார்டை எடுத்து வைத்தார். இரண்டு விசிறி, ஒரு சாண் நீளம்கூட இல்லை. அதற்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் மூன்று விசிறியோடு ஒன்று கிடந்தது, என் முழங்கை நீளத்துக்கு. பின்பக்கம் முழுக்க உலோகத் தகடு.

"கெலெரா பெட்டியில் இருப்பது இதுவா?" என்று செமெசாவைக் கேட்டேன்.

"அது எதுன்னு தெரியாதுப்பா. ஆனா நமக்கு..."

"அதைவிட இது கீழா, மேலா?"

"இதைவிடப் பெருசு இந்தக் கடையிலயே கிடையாது சார்" என்றார் கடைக்காரர். "ஆனா வீட்டுல என்ன பவர் சப்ளை வெச்சிருக்கீங்க? பழசுன்னா இது தாங்காது. அதையும் மாத்தணும்."

இரண்டையும் வாங்கக் கையில் பணம் போதாது. பவர் சப்ளை என்று அவர் காட்டியது வெறும் சாம்பல் நிற டப்பா. பெட்டியின் அடியில் ஒரு மூலையில் மறைந்து கிடக்குமாம், யாருக்கும் தெரியாதாம். யாருக்கும் தெரியாத ஒன்றுக்குக் காசை ஏன் கொடுக்க வேண்டும்? "பெரியதைக் கட்டுங்கள்" என்றேன். செமெசா என்னைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். எங்கள் வீடுகளில் தகப்பன் ஒன்றைச் சொன்னபின் பிள்ளை இரண்டாவது பேச்சு பேசுவதில்லை. புருவத்தை லேசாகத் தூக்கிச் சரி என்றான்.

வீட்டில் அதைப் பொருத்த அவன் பட்ட பாட்டைப் பார்த்தேன். கார்டு பெட்டிக்குள் நுழையவில்லை. பழைய டிஸ்க் வைக்கும் தட்டுகளைக் கழற்றித் தூக்கிப் போட்ட பிறகுதான் இடம் கிடைத்தது. கார்டு எரிந்தது, வானவில் மாதிரி நிறம் மாறியது. என் மனைவி லிடியானா ஜன்னல் திரையை இழுத்துவிட்டு அழகு பார்த்தாள். ஆனால் செமெசா விளையாட உட்காரவில்லை.

"அப்பா, இப்போதைக்கு யாரையும் கூப்பிட வேண்டாம். அடுத்த சம்பளத்துல பவர் சப்ளை வாங்கிடுறேன். அப்புறம் காட்டலாம்."

"எரிகிறதல்லவா?"

"எரியுது..."

"பிறகென்ன?"

அந்தச் சனிக்கிழமையே எல்லோரையும் அழைத்தேன். டீக்கன், தெருக்காரர்கள், சேகோவே குடும்பம். என் தங்கை உனைசி சமையலறைப் பக்கமாக வந்து லிடியானாவோடு இருந்துகொண்டாள். அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் பேசிக்கொள்வது எங்களில் மரியாதை இல்லை. யங்கோனா ஒரு சுற்று வந்தது. நான் தலையசைத்தேன். செமெசா விளையாட்டைத் திறந்தான். கூடம் முழுக்க அந்தக் கார்டின் வெளிச்சம். சேகோவேயின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகத்தில் ஒரு கணம், ஒரே ஒரு கணம், நான் பார்க்க விரும்பியது வந்து போனது.

திரையில் ஏதோ வெடித்தது. நெருப்பு கிளம்பி மேலே எழும்பும் நேரம், எல்லாம் அணைந்துவிட்டது. வெளிச்சம் இல்லை, விசிறிச் சத்தம் இல்லை. செமெசா மறுபடி உயிர் கொடுத்தான். மறுபடி நெருப்பு. மறுபடி இருட்டு.

சேகோவேதான் ஆரம்பித்தான்.

"மச்சான், பெட்டிக்கும் யங்கோனா ஊத்திட்டீங்களா? ஒரு சிரட்டைக்கே மல்லாந்துடுச்சே!"

டீக்கனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. புரையேறி, பக்கத்திலிருந்தவர் முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே, கெட்ட எண்ணம் ஏதுமில்லாமல், அவர் கேட்டார்: "பழைய பெட்டிக்கு இவ்வளவு பெரிய கார்டா? யாருப்பா இதைப் பாத்து எடுத்தது?"

செமெசா என் பக்கம் திரும்பவில்லை. "நான்தான்" என்றான். "அவசரப்பட்டுட்டேன்."

"தொழில் தெரிஞ்ச பையன்னு நெனச்சேனே" என்றார் டீக்கன். செமெசா தலையைக் குனிந்துகொண்டு கீபோர்டின் வயரை விரலில் சுற்றினான். நான் மேல்தலையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். என் பெயருக்கு ஒரு கீறலும் விழவில்லை. அவன் விரலில் வயர் சுற்றுச் சுற்றாக ஏறிக்கொண்டிருந்தது.

அப்போது கெலெரா எழுந்தாள். பெரியவர்கள் நடுவே நடக்கும்போது குனிய வேண்டிய மாதிரி முதுகு வளைத்து வந்து, என் எதிரில் மண்டியிட்டாள்.

"மாமா, அந்தக் கார்டு எனக்கு வேணும்."

உனைசி சமையலறையில் கழுவிக்கொண்டிருந்த பாத்திரச் சத்தம் நின்றது. தங்கை பிள்ளை தாய்மாமன் வீட்டில் எதையும் கேட்கலாம். படகைக் கேட்கலாம், பன்றியைக் கேட்கலாம், கேட்காமலே எடுத்துக்கொண்டும் போகலாம். மாமன் இல்லை என்று சொல்ல முடியாது. சொன்னால் அவன் மாமன் இல்லை. எங்கள் தகப்பனார் காலத்தில் ஒரு மருமகன் வந்து குதிரையைச் சேணத்தோடு ஓட்டிக்கொண்டு போனான்; தகப்பனார் வாசலில் நின்று கையசைத்தார்.

"புதுசுடி அது!" என்று சேகோவேயே பதறினான். இந்த முறை அவன் குரலில் கிண்டல் இல்லை.

"புதுசுன்னாதான் கேப்பேன். இவன் அனுபவிச்ச பழசை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?" என்றவள் செமெசா பக்கம் திரும்பினாள். "என்ன மச்சான், அழுதுடாத. என்னோடதை உனக்குத் தரேன். போட்டிக்கு நீ வெறும் டப்பாவோட வந்து நின்னேன்னா உன்னைத் தோக்கடிச்சு எனக்கு என்ன பெருமை?"

செமெசா தலை நிமிர்ந்தான். எவ்வளவோ நாளுக்குப் பிறகு அவன் சிரித்ததைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை.

"எடுத்துக்கொள்" என்றேன். வேறென்ன சொல்வது?

சேகோவே உள்ளங்கைகளைக் குழித்துத் தட்டி நன்றி சொன்னான். டீக்கனும் தட்டினார், தொடர்ந்து எல்லோரும் தட்டினார்கள். கொடுத்த கைக்குச் செய்ய வேண்டிய மரியாதை. "மாமன்னா இப்படி இருக்கணும்" என்றார் டீக்கன். யார் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்ற பேச்சு அதோடு போயிற்று. இனி இந்தத் தெருவில் சொல்லப்படப் போவது மருமகள் கேட்டாள், மாமன் கொடுத்தார் என்பதுதான். அதை அவள் தெரிந்துதான் செய்தாள். அவள் பதவிசாக எழுந்துபோன விதத்திலேயே தெரிந்தது. அவ்வளவு சாமர்த்தியம் என் வீட்டில் பிறந்திருக்கக் கூடாதா என்றுதான் எனக்குப் பட்டது.

தெருவைத் தாண்டிப் போய், துவாலையில் சுற்றித் தன் கார்டைக் கொண்டுவந்தாள். செமெசா பிரித்தான். இரண்டு விசிறி. ஒரு சாண் நீளம்கூட இல்லை. கம்மிங் தெருவில் கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தாரே, அச்சாக அதுவேதான்.

"இதுதான் இருந்துச்சா உன் பெட்டியில்?" என்றேன்.

"ஆமா மாமா. அடியில ஒரு நல்ல பவர் சப்ளை. மத்ததெல்லாம் லைட்டுதான்."

செமெசா பெரியதைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு, சின்னதை மாட்டினான். நெருப்பு எழுந்தது, எழுந்து அடங்கியது, விளையாட்டு நிற்காமல் ஓடியது. டீக்கன் திரைக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

நான் வெளியே வந்து படியில் நின்றேன். மழை பிடித்திருந்தது. எதிர் வீட்டில் கெலெரா அதற்குள் கார்டைத் தன் பெட்டியில் பொருத்திவிட்டாள் போல. சேகோவே வீட்டு ஜன்னல் திரையில் என் கார்டின் நிறங்கள் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டிருந்தன. அந்த வெளிச்சத்தில் சேகோவே தெருவில் இறங்குவது தெரிந்தது. தோளில் ஒரு புதுப்பாய்ச் சுருள், மழை படாமல் பிளாஸ்டிக் சுற்றி, ஓரத்தில் சிவப்புக் கம்பளி நூல் குஞ்சங்கள் தொங்க. கார்டுக்குப் பதில் மரியாதை. சுருளின் ஒரு நுனி அவனுக்கு முன்னால் வெகுதூரம் நீட்டிக்கொண்டிருந்தது, மறுநுனி பின்னால் ஆடிக்கொண்டு வந்தது. "மச்சான், கேட்டைத் தொறங்க!" என்று சிரித்துக்கொண்டே கத்தினான். நான் கேட்டின் கொண்டியில் கை வைத்தபடி, அந்தச் சுருள் எங்கள் வாசலுக்குள் நேராக நுழையுமா, சாய்த்துத்தான் நுழைக்க வேண்டியிருக்குமா என்று அளந்துகொண்டிருந்தேன்.