எடின்பரோவில் ஆட்டமென்றால் ஸ்டோவ்னரில் ஆட்டமில்லை

றக்பியைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: பந்து முட்டை மாதிரி இருக்கும், முன்னுக்கு ஓட வேண்டும், ஆனால் பந்தைப் பின்னுக்குத்தான் கொடுக்க வேண்டும். எங்கள் சங்கக் கூட்டங்களும் ஏறக்குறைய இப்படித்தான் நடக்கும். மற்றபடி, எதற்கு விசில் ஊதுகிறார்கள், எதற்கு எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து படுக்கிறார்கள் என்று இத்தனை குளிர்காலம் பார்த்தும் விளங்கவில்லை.

ஆனாலும் ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில் தமிழ் ஓல்ட்பாய்ஸ் உதைபந்தாட்டம் முழுக்க அந்த றக்பியை அனுசரித்துத்தான் நடக்கிறது. காரணம் நான்.

ஓல்ட்பாய்ஸ் என்பது இந்த நாட்டுக்காரர் தலை நரைத்த ஆட்டக்காரருக்கு வைத்திருக்கிற மரியாதையான பெயர். நாங்கள் அதை இன்னும் விரித்து, தொந்தி வைத்தவர்கள், முழங்காலில் பட்டி கட்டியவர்கள், மனைவிக்குச் சொல்லாமல் வந்தவர்கள் எல்லாரையும் சேர்த்துக்கொண்டோம். நான் ஸ்டோவ்னர் அணியின் கோலி. ஓட முடியாதவனைக் கோலுக்குள் விடுவார்கள். கோலுக்குள்ளும் நிற்க முடியாதவனைச் செயலாளராக்குவார்கள். எனக்கு இரண்டு பதவியும் உண்டு. எந்தப் போட்டி எந்தச் சனிக்கிழமை என்று தீர்மானிப்பது செயலாளர்.

லேசான வேலை என்று நினைக்காதீர்கள். சனி காலை பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளிக்கூடம். ஞாயிறு எங்களுக்குத் தேவாலயத்தில் பூசை, மற்றவர்களுக்குக் கோயில். மிச்சமிருப்பது சனி பின்னேரம். அதற்குள் பெரியபிள்ளையானவளுக்குச் சாமத்திய வீடு வரும், செத்தவருக்கு அந்தியேட்டி வரும், மண்டபம் எடுத்துக் கொண்டாடுகிற ஐம்பதாவது பிறந்தநாள் வரும். இவற்றுக்காகப் போட்டியைத் தள்ளி வைத்தால் ஒருத்தரும் வாய் திறக்கமாட்டார்கள். றக்பிக்காகத் தள்ளி வைக்கலாமா என்று எங்கள் விதிகளில் எழுதவில்லை. எழுதாதபடியால் தள்ளி வைத்தேன். ஸ்கொட்லாந்து அணி எடின்பரோவில் விளையாடுகிற ஒவ்வொரு சனிக்கிழமையும்.

ஸ்கொட்லாந்து வென்றால் என்ன, தோற்றால் என்ன. எங்கள் மகள் பிரியந்தினி அங்கே மைதான ஓரத்தில் நிற்பாள்.

பிசியோதெரபி படிக்கிறேன் என்று எடின்பரோவுக்குப் போனவள். படிப்பு முடிந்தது, வேலை வந்தது, வீடு எடுத்தாள், திரும்பி வருகிற கதை மட்டும் வரவில்லை. கோபதாபம் ஒன்றுமில்லை. இருந்தால் நல்லது, சமாதானம் செய்யப் போகலாம். அவள் சும்மா தன்பாட்டில் வாழ்கிறாள். அதற்கு என்ன செய்ய முடியும்? வாரநாளில் ஆஸ்பத்திரி, பெரிய ஆட்டங்களின்போது மைதானத்து மருத்துவக் குழு. செம்மஞ்சள் ஜக்கெற் போட்டுக் கோட்டுக்கு வெளியே நிற்பாள். யாராவது விழுந்தால் ஓடுவாள். அப்போது ரீவியில் அவள் ஒரு மூச்சு நேரம் தெரிவாள்.

அதற்காக நானும் மனைவி அனஸ்ரேசியாவும் சோபாவில் நுனியில் உட்கார்ந்திருப்போம்.

"அந்தா! அந்தா!"

"அது வேற ஆரோ. அது ஆம்பிளை."

"இஞ்சால, இஞ்சால... போச்சுது. நீங்கள் கதைச்சதாலதான் போச்சுது."

"மெலிஞ்சு போனாள் என்ன?" என்று அவளே தொடர்ந்தாள்.

"ஜக்கெற்றுக்குள்ள எப்பிடியப்பா தெரிஞ்சது உனக்கு?"

"கழுத்தைப் பாத்தன்."

முதலில் யாருக்கும் காயம் படக்கூடாது என்றுதான் மன்றாடினேன். பிறகு, பெரிய காயம் வேண்டாம் ஆண்டவரே, சின்னப் பிசகல் ஒன்று, ஆனால் கமராப் பக்கமாக என்று கேட்கிற அளவுக்கு என் விசுவாசம் வளர்ந்துவிட்டது.

இந்த முறை சிக்கல் பங்குனியில் வந்தது. குளிர்காலத் தொடரின் கடைசிப் போட்டி, எங்களுக்கும் லோறென்ஸ்கூக் அணிக்கும். வெல்கிறவருக்குக் கிண்ணம். அதே சனி, அதே பின்னேரம், எடின்பரோவில் அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம். அதை விட்டால் கார்த்திகைதான். லோறென்ஸ்கூக் அணித்தலைவர் சச்சிதானந்தனுக்குப் போன் எடுத்தேன். அவரும் நானும் ஒரே காலத்தில் இந்த நாட்டுக்கு வந்தவர்கள். அவர் வீடு வாங்கி லோறென்ஸ்கூக் போனார். நான் பஸ் ஓட்டிக்கொண்டு அவர் வீட்டு வாசலால் போகிறேன்.

"திருப்பியும் றக்பியோ? ஐசே, உமக்கு அதில ஒரு விதியாவது தெரியுமோ?"

"ஞாயிறு பின்னேரத்துக்கு வைப்பம். மைதானம் நான் எடுத்துத் தாறன்."

"ஞாயிறு என்ர பெடியள் அரைவாசிப்பேர் வேலை. ஏன், அந்த மட்சைப் பிறகு போட்டுப் பாக்கேலாதோ? இப்ப எல்லாம் கிடக்குத்தானே."

"பிறகு பாத்தால் அது படம், சச்சி. அப்பவே பாத்தால்தான் அவள் அங்கை நிக்கிறாள்."

"உம்மோட கதைச்சு வெல்லேலாது," என்றார். ஆட்களைத் தனித்தனியாகக் கேட்டு, இரண்டு பேரின் வேலையை மாற்றுவித்து, நாலாம் நாள் சம்மதம் சொன்னார். ஞாயிறு.

அதே பின்னேரம் எனக்கு ஒரு யோசனை வந்தது. எனக்கு யோசனை வருவது ஆபத்து என்று அனஸ்ரேசியா சொல்லுவாள். அந்தச் சனி அவளுடைய அறுபதாவது பிறந்தநாள். கேட்டுப் பார்த்தால் என்ன? பிள்ளைக்குச் செய்தி அனுப்பினேன். எங்கள் வீட்டு வழக்கப்படி தமிழ்தான், எழுத்து இங்கிலிஷ் எழுத்து: அம்மாவின்ரை பிறந்தநாளுக்கு வீட்டை வருவியா, குஞ்சு?

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. இரண்டே எழுத்து. ஓ, எம்.

ஓம்! எங்கள் யாழ்ப்பாணத்துப் பேச்சில் அது ஆம்.

நான் போனைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் ஓடிய வேகத்தில் கோலுக்குள் ஓடியிருந்தால் எங்கள் அணி பல கிண்ணம் எடுத்திருக்கும். அனஸ்ரேசியா கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள். திரும்பத் திரும்பப் பார்த்தாள். இரண்டு எழுத்தில் அவ்வளவு நேரம் வாசிக்க என்ன இருந்ததோ. நான் இதயப் படம் ஒன்பதோ பத்தோ அனுப்பினேன்.

"எத்தினை மணிப் பிளேன் எண்டு கேளுங்கோவன்."

"சும்மா ஆக்கினை குடுக்காதை. வாறன் எண்டு சொல்லியாச்சு. வேலையில நிப்பாள்."

அவள் வருகிறாள் என்றால் எடின்பரோவில் நிற்கமாட்டாள். எடின்பரோவில் நிற்கமாட்டாள் என்றால் எனக்கு எதற்கு றக்பி? அதோடு அவள் வந்து நான் கோலுக்குள் நிற்பதைப் பார்த்தால் என்ன என்று ஒரு ஆசையும் வந்துவிட்டது. வளர்ந்தபிறகு அவள் என்னைப் பார்த்ததெல்லாம் போனில்தான், அதுவும் பாதி நேரம் என் நெற்றியை. ஞாயிறு காலையே அவள் திரும்ப வேண்டியிருக்கலாம். ஆகவே சச்சிக்கு மறுபடி போன் எடுத்தேன்.

"சச்சி, சனிக்கே வைப்பம்."

அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. சுருக்கமாக, என் மூளையைப் பற்றியும் முட்டை வடிவப் பந்தைப் பற்றியும் ஒப்பிட்டுச் சில வார்த்தை சொன்னார். பிறகு, "மகள் வாறாளோ? அதை முதல்ல சொல்லுறதுக்கென்ன," என்று அந்த இரண்டு பேரின் வேலையையும் திருப்பி மாற்றப் போனார்.

அந்தக் கிழமை எங்கள் வீடு வீடாக இல்லை. அனஸ்ரேசியா நண்டு வாங்கினாள், கணவாய் வாங்கினாள், பிள்ளையின் அறையில் நான் வைத்திருந்த பழைய ரயர்களை நிலவறைக்கு ஏற்றுமதி செய்தாள். நான் பஸ்ஸில் ஏறுகிற எல்லாருக்கும் வணக்கம் சொன்னேன். நோர்வேக்காரர் பயந்துபோய்ப் பின்சீற்றுக்குப் போனார்கள்.

வியாழன் பின்னேரம் பிள்ளை போன் எடுத்தாள்.

"அப்பா, sorry அப்பா. லீவு கிடைக்கேல்லை. என்னோட நிக்கிற பெட்டைக்குச் சுகமில்லை, நான்தான் மட்சுக்கு நிக்கவேணும்."

"நீ ஓம் எண்டனி, பிள்ளை."

"ஓம் எண்டோ? எப்ப?" கொஞ்ச நேரம் தன் போனைத் தேடிப் பார்த்தாள். "ஐயோ, அப்பா. அது தமிழில்லை, நொஸ்க். லீவு கிடைச்சால் எண்டு எழுத வெளிக்கிட்டனான், ஆரோ கூப்பிட்டாங்கள், மிச்சம் போகேல்லை. நீங்கள் இதயம் எல்லாம் அனுப்பினீங்கள், நான் நினைச்சன் விளங்கீற்று எண்டு."

நாங்கள் 'கிடைத்தால்' என்கிறோம்; அந்த 'ஆல்' எங்களுக்குச் சொல்லின் வாலில் இருக்கும். நோர்வேக்காரர் அதைத் தலையில் வைத்து 'ஓம்' என்று தொடங்குவார்கள். நான் தலையை மட்டும் பார்த்துவிட்டு முழு ஆளும் வந்துவிட்டது என்று நண்டு வாங்கியிருக்கிறேன். இத்தனை வருசம் இந்தப் பாஷையில் பஸ் ஓட்டுகிறேன். 'பனி பெய்தால்', 'பாதை மூடினால்', 'தாமதமானால்' எல்லாவற்றுக்கும் அந்தச் சொல்தான். என் மகள் எழுதியபோது மட்டும் அது எனக்கு யாழ்ப்பாணத்துச் சொல்லாகத் தெரிந்தது.

"பரவாயில்லைப் பிள்ளை. வேலை முக்கியம்."

"அம்மா அழுவாவோ?"

"சீச்சீ. அவவுக்கு நண்டு மிச்சம்."

அனஸ்ரேசியா அழவில்லை. தான் வேலை செய்கிற மூதாளர் இல்லத்துக்குப் போன் எடுத்து, சனி பின்னேர வேலையைத் தானே செய்வதாகச் சொன்னாள். "வீட்டில இருந்து என்னத்தைச் செய்ய," என்றாள். பிறந்தநாள் என்று நான் சொன்னேன். "அங்கை எல்லாருக்கும் தொண்ணூறு. நான்தான் அங்கை சின்னப்பிள்ளை," என்றாள்.

சச்சிக்கு மூன்றாவது தடவை போன் எடுக்க எனக்கு முகமில்லை.

சனிக்கிழமை மைதானத்தில் பனியை வழித்து ஓரங்களில் குவித்திருந்தார்கள். செயற்கைப் புல் ஈரமாகக் கிடந்தது. சச்சி கையுறையோடு கை குலுக்கினார், பிறகு எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"மகள் எங்கை?"

"வரேல்லை."

"பின்னை என்னத்துக்கு ஐசே மட்சை சனிக்கு மாத்தினீர்?"

"அது ஒரு இலக்கணப் பிழை."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். விசில் ஊதினார்கள்.

கோலி என்பவனுக்குப் பெரும்பாலும் வேலையில்லை. பந்து மற்றக் கரையில் இருக்கும்போது குளிரில் கையைத் தட்டிக்கொண்டு, கோட்டில் நின்று, ஏதாவது நடக்குமா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இதே நேரம் அவளும் கோட்டில்தான் நிற்கிறாள் என்று நினைத்தேன். அவளுக்கும் குளிரும். ஜக்கெற்றுக்குள்ளே கம்பளிச் சட்டை போட்டாளோ தெரியாது. சோபாவில் இருந்திருந்தால் கழுத்தைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கலாம். இப்படி நான் எடின்பரோவில் நின்றபோது சச்சி வந்து ஒரு கோல் அடித்தார். அறுபது வயது மனிதன், நடந்து வந்துதான் அடித்தார். பிறகு இன்னொன்று. கிண்ணம் லோறென்ஸ்கூக் போனது. என் அணி என்னைப் பற்றிப் பேசியது. அவர்கள் பேசியது சரிதான்.

உடுப்பு மாற்றப் போகும்போது ஜக்கெற்றுக்குள் போன் அடித்தது. பிரியந்தினி. பின்னால் பெருங்கூட்டம் பாடுகிற இரைச்சல்.

"அப்பா! பாத்தீங்களோ?"

எதை என்று கேட்டிருக்க வேண்டும். "பாத்தனான், பாத்தனான்," என்றேன்.

"கமரா நேர எனக்கு முன்னுக்கு வந்தது. ஒருத்தருக்குத் தோள் விலகினதல்லோ, அவரை வெளியில விட்டிட்டுத் திரும்புறன், வந்து நிக்குது. அம்மாக்குக் கை காட்டினனான். எங்களை அப்பிடிச் செய்ய விடமாட்டாங்கள், பெரியவர் ஏசிப்போட்டார். அம்மா கண்டவவோ?"

"கண்டவ. வடிவாக் காட்டினாய்."

"எந்தக் கையால காட்டினனான்?"

கோலிக்கு இது பழக்கம். ஒரு பக்கம் பாயத்தான் வேண்டும்.

"வலக்கை."

அவள் சிரிக்கவில்லை. "ரெண்டு கையாலயும், அப்பா," என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

பனிக்குவியல் ஒன்றில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு போட்டுப் பார்க்கலாம், எல்லாம் கிடக்கிறதுதான். ஆனால் அவள் இரண்டு கையையும் தூக்கின நேரத்தில் எங்கள் வீட்டில் வெறும் சோபாதான் இருந்தது.

"இல்லைப் பிள்ளை. பாக்கேல்லை. அம்மா வேலைக்குப் போயிற்றா. நான் கோலுக்குள்ள நிண்டனான்."

"இண்டைக்கோ? எங்கட மட்ச் நாளில நீங்கள் மட்ச் வைக்கமாட்டீங்களே."

அவளுக்கு அது தெரியும் என்று எனக்குத் தெரியாது.

"நீ வருவாய் எண்டு வைச்சனான்."

கூட்டம் பாடிக்கொண்டேயிருந்தது. யாரோ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், வேறு மாதிரி உச்சரித்தார்கள்.

"உங்கட அடுத்த மட்ச் எப்ப, அப்பா?"

சித்திரையில் ரொம்மன் அணியோடு. திகதி, நேரம், மைதானம் எல்லாம் தீர்மானித்து, எல்லாருக்கும் அறிவித்து, இனி மாற்றமில்லை என்று நானே கீழே எழுதியும் விட்டேன்.

"நீ எப்ப வருவாய் எண்டு சொல்லு, குஞ்சு," என்றேன். "அண்டைக்கு வைக்கிறன்."

அந்தப் பக்கத்தில் கூட்டத்தின் பாட்டுத்தான் கேட்டது. அவள் போனை வைக்கவில்லை. சச்சி கிண்ணத்தோடு காருக்குப் போகிற வழியில் என்னைக் கண்டு நின்றார், ஏதோ கேட்க வாயெடுத்தார். நான் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினேன், கொஞ்சம் பொறும் என்று. அவரும் அந்தக் குளிரில் கிண்ணத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு என்னோடு நின்றார்.