பல் சிமெண்டும் எலிக் காய்ச்சலும்

விண்ணப்பம் மாலை ஐந்து மணிக்கு மூடப்படும். இப்போது இரண்டே கால்.

பிரேமலா ஜொகூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் தொற்றுநோய் ஆய்வு செய்கிறாள். இணைப் பேராசிரியர் பதவிக்கு எச்-இண்டெக்ஸ் பன்னிரண்டு வேண்டும். அதாவது, பிற ஆய்வாளர்கள் பன்னிரண்டு முறையாவது மேற்கோள் காட்டிய கட்டுரைகள் பன்னிரண்டு இருக்க வேண்டும். போன வருடம் அவளுக்குப் பதினொன்று. இன்று திரை பன்னிரண்டு காட்டியது. பட்டியலை மெதுவாகக் கீழே நகர்த்தினாள். முதல் கட்டுரையிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தவள் மூன்றாவதில் நின்றாள். பல் அடைக்கும் சிமெண்டின் உறுதி பற்றிய கட்டுரை. மேற்கோள்கள் அறுபத்து நான்கு.

நூலகத்தில் ஆய்வுப் பதிவுகளைக் கவனிக்கும் ரூபேந்திரனைக் கூப்பிட்டாள். அவன் கையில் ஐஸ் மைலோ குவளையோடு வந்து எட்டிப் பார்த்தான்.

"பல்லு ஆராய்ச்சிலாம் எப்போ பண்ணீங்க டாக்டர்? சொல்லவே இல்ல."

"நான் பல்லு விளக்கறதோட சரி. இது யாரோடது, பாரு."

அவன் இரண்டு நிமிடம் தட்டினான். கோயம்புத்தூரில் ஒரு பல் மருத்துவக் கல்லூரி. ஏ. பி. கனகராஜ்.

பிரேமலாவுக்கு உடனே புரிந்துவிட்டது. பதினைந்து வருடங்களுக்கு முன் முதல் கட்டுரையை அனுப்பியபோது, அடையாள அட்டையில் இருந்தபடியே பெயரை அடித்திருந்தாள்: பிரேமலா ஏ/பி கனகராஜ். ஏ/பி என்றால் இன்னாரின் மகள் என்று இந்த நாட்டில் எல்லோருக்கும் தெரியும். எங்கோ வெளிநாட்டில் இருந்த கணினிக்குத் தெரியவில்லை. அது அந்த இரண்டு எழுத்தையும் முதலெழுத்துகளாக்கி, அவள் அப்பாவின் பெயரோடு சேர்த்து ஓர் ஆணை உண்டாக்கியது. அப்படி ஒருவர் உண்மையாகவே இருந்தார். அவளுடைய முதல் கட்டுரை அவர் கணக்குக்குப் போய்விட்டது. அதைச் சரிசெய்ய வேண்டும் என்று வருடா வருடம் நினைத்துத் தள்ளிப்போட்டாள். இப்போது அவருடைய சிமெண்ட் இங்கே வந்திருந்தது.

"என்னோடது அங்க எத்தனை?" என்றாள்.

"முப்பத்தெட்டு. சாஆ எஸ்டேட், எலிக் காய்ச்சல். அப்ப உங்க உண்மையான நம்பரும் பன்னெண்டுதான் லா. விடுங்க, அனுப்பிடுங்க. அப்புறமா மாத்திக்கலாம்."

"இப்ப மாத்தினா?"

"சிமெண்ட் உடனே போயிரும். உங்களோடது வர மூணு வாரம், செக் பண்ணிட்டுத்தான் சேர்ப்பாங்க. இன்னிக்கு பதினொண்ணு. ஃபாரமே திறக்காது. அடுத்தது ஜனவரி."

அவன் சொன்னதில் பொய் இல்லை. எண் சரி, கட்டுரை மட்டும் வேறு.

விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். பன்னிரண்டு தலைப்புகளும் வரிசையாக அச்சாகியிருந்தன. கீழே ஒரே வரி: இவை அனைத்தும் என் உழைப்பு. அதன் கீழ் கையெழுத்துக்கு இடம்.

அந்த முதல் கட்டுரைக்காகச் சாஆவில் இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் ரத்தம் எடுத்தாள். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக் கொட்டகையில் முதல் நாள் காலை யாரும் கை நீட்டவில்லை. அங்கே குலை வெட்டிக்கொண்டிருந்த அவள் அப்பா சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முதலில் உட்கார்ந்தார். "என் மகதான். வலிக்காது," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். வலித்தது. அவள் நரம்பு கிடைக்காமல் இரண்டு முறை குத்தினாள். அவர் முகம் அசையவில்லை. பின்னால் வரிசை நின்றது.

அந்தத் தலைப்பு இந்தப் பக்கத்தில் இல்லை. அதன் இடத்தில் சிமெண்ட் இருந்தது.

"ரூபன், ரெண்டையும் மாத்து."

"டாக்டர், ஜனவரி வரைக்கும்..."

"மாத்துப்பா."

அவன் மைலோவைக் கீழே வைத்துவிட்டு அழுத்தினான். எண் பதினொன்றானது. விண்ணப்பம் சாம்பல் நிறமாகிப் பூட்டிக்கொண்டது.

சாயங்காலம் கூலாயில் இருக்கும் அப்பாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள்.

"அப்ப இத்தன வருசமா அந்த எஸ்டேட்ட ஒரு பல்லு டாக்டரு வச்சிருந்தாரா?"

"ஆமாப்பா."

"எலியப் பத்தி அவர யாரும் கேக்கலயா?"

"தெரியல."

"பெரிய சம்பளம் ஜனவரிக்குத்தானா?"

"கெடச்சா ஜனவரிக்கு அப்புறம்."

"சரி விடு. சாப்ட்டியா?"

மூன்று வாரம் கழித்து சாஆ கட்டுரை அவள் பக்கத்துக்கு வந்து சேர்ந்தது. எண் பன்னிரண்டு. அன்றே கோயம்புத்தூரிலிருந்து ஒரு மின்னஞ்சலும் வந்தது. தன் துறைத்தலைவர் ஒவ்வொரு வருடமும் செம்பனைத் தோட்டத்தைப் பற்றிக் கேட்டதாகவும், ஒவ்வொரு வருடமும் தான் ஏதோ சொல்லிச் சமாளித்ததாகவும், இனி அந்தத் தொல்லை இல்லை என்றும் கனகராஜ் எழுதியிருந்தார். சிமெண்டைத் திருப்பித் தந்ததற்கு நன்றி என்றும் இருந்தது.

பிரேமலா நாள்காட்டியில் ஜனவரிக்குத் திருப்பி, விண்ணப்பம் திறக்கும் முதல் திங்கட்கிழமையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.