உள்ளே கூப்பிடுவதற்கு முன்

1

“அந்தப் புரத ரிப்போர்ட் வந்ததும் ஜாதகத்தோட சேத்து சோசியர்கிட்ட காட்டணுங்குது அம்மா.”

“சோசியருக்குப் புரதமெல்லாம் தெரியுமா?”

“ஏழாம் வீட்ல புரதம் நின்னா தோஷம்னு சொல்வாரா இருக்கும்.”

“போடா லூசு.”

கண்டியிலிருந்து புசல்லாவைக்குப் போன பஸ்ஸில், எனக்கு முன் ஆசனத்தில் கேட்ட பேச்சு இது. இந்தக் கதைக்கு அதற்கு மேல் ஆதாரம் கிடையாது. நிலூஷா, ஜெயராஜ் என்று பெயர் வைத்தது நான். மிச்சமும் என் கற்பனைதான்.

2

‘பேராதனைப் பாலத்தில் மழை தூறிக்கொண்டிருந்த…’

[வேண்டாம். என் நாவல்களில் ஏற்கெனவே நிறைய மழை பெய்துவிட்டது.]

நிலூஷாவுக்கு வந்தது கடுமையான இரத்தப் புற்றுநோய். முதல் கட்ட மருந்தில் அடங்கியிருக்கிறது. நோயைக் கண்டுபிடித்தபோது எடுத்த எலும்பு மஜ்ஜையை டாக்டர் பர்ஹானா ஓர் ஆய்வுக்கு அனுப்பியிருந்தார். அதில் சில புரதங்கள் கூடுதலாக இருந்தால், நோய் திரும்பும் வாய்ப்பும் கூடுதலாம்.*

* “கனபேர வெச்சிப் பார்த்த கணக்கு இது, மகள். ஒங்களுக்கு இதுதான் நடக்கும்னு சொல்லாது” என்றும் டாக்டர் சொன்னார். அதை வீட்டில் ஒருவரும் காதில் வாங்கவில்லை.

3

ஜெயராஜின் அம்மா ரத்தினம்மா, அவனுக்கும் நிலூஷாவுக்கும் நிச்சயித்த கல்யாணத்தைத் தள்ளிவைத்தாள். [அவளைக் கொடுமைக்காரியாக எழுதிப் பார்த்தேன். வரவில்லை. வார்டுக்கு வாராவாரம் மாதுளம்பழம் உரித்துக்கொண்டு வந்தவள் அவள். பயந்துபோயிருக்கிறாள், அவ்வளவுதான்.]

“ரிப்போர்ட் நல்லபடியா வரட்டும் கண்ணு. அடுத்த முகூர்த்தத்துலயே வச்சிருவோம்.”

நிலூஷா தலையாட்டினாள். ஆனால் மனசு ஆறவில்லை. ரிப்போர்ட் நல்லதென்றால், காகிதம் பார்த்துக் கட்டினான் என்றாகும். கெட்டதென்றாலும் ஜெயா கட்டுவான். அப்போது அது ஆசையா, இரக்கமா என்று காலம் பூராவும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

4

முடிவு ஒன்று: ரிப்போர்ட் நல்லது. மேளச் சத்தம்.

முடிவு இரண்டு: ரிப்போர்ட்டைப் படித்த டாக்டர், கண்ணாடியைக் கழற்றி…

[இதை முடிக்க மாட்டேன்.]

இரண்டையும் நிலூஷா கேட்கவில்லை. அவள் கேட்க நினைத்தது வேறு. வார்டில் படுத்திருந்த காலத்திலிருந்தே அது தொண்டையில் நிற்கிறது.

ரிப்போர்ட் தரும் நாள். டாக்டரின் அறைக்கு வெளியே வாங்குப் பலகையில் இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். ரத்தினம்மா பிளேன்டீ வாங்கப் போயிருக்கிறாள். ஜெயராஜ் கதவையே பார்க்கிறான். அவன் என்ன பதில் சொல்வான் என்று எனக்குத் தெரியாது. அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

“ஜெயா, ஒண்ணு கேக்கவா?”

“இப்பவா? கூப்பிடப் போறாங்க.”

“அதுக்குத்தான் இப்பவே கேக்குறேன். உள்ள போறதுக்கு முன்னாடி, நம்ம கல்யாணத்துக்கு நீயே ஒரு தேதி சொல்லு.”