சேற்றில் மாட்டாத லோரி

எங்கள் வீட்டுக்காரர் ஓட்டிய லோரிக்கு வெயில் நாளில் ஒரு புத்தி, மழை நாளில் ஒரு புத்தி. வெயிலடித்தால் ஊர் அடங்கிய பிறகுதான் வீட்டுக்கு வரும். "லோடு ஜாஸ்தி, சூளையிலயே சோறு போட்டுட்டாங்க" என்று சொல்லிவிட்டு மனுஷர் படுத்துவிடுவார். நான் மூடி வைத்த மீன்குழம்பு காலையில் பூனைக்குப் போகும். மழை பெய்தால் மட்டும் பொழுது சாய்வதற்குள் இடுப்பு வரை சேற்றோடு வாசலில் வந்து நிற்பார். செமாபோக்கில் செங்கல் சூளைக்குப் போகிற குறுக்குச் சந்தில் லோரி மாட்டிக்கொண்டதாம், மலாய்க்காரர் ஒருவர் எருமை கட்டி இழுத்துவிட்டாராம். நான் வெந்நீர் போட்டு முதுகு தேய்த்துவிட்டுச் சுடச்சுடச் சோறு போடுவேன். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சாப்பிடுவார். உழைத்த அலுப்பு, பாவம் என்று எனக்கு மனசு உருகிவிடும். தினமும் இந்த மனுஷர் இப்படி நேரத்தோடு வந்து என் கையால் சாப்பிட மாட்டாரா என்று ஏங்காத நாளில்லை.

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த மறு வருஷம் மழை விடாமல் கொட்டியது. நனைந்து நனைந்து அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். எனக்கு ஆத்திரம் பொங்கியது. செங் என்கிற ஊர்ப் பக்கம் ஒரு பட்டறையில் ஃபிட்டராக இருந்த என் தம்பி அப்பாசாமியை வரச்சொன்னேன்.

"நாடே சொதந்திரம் வாங்கிருச்சு, இந்த லோரி ஒரு சந்த விட்டு வெளிய வரமாட்டேங்குது. நீயெல்லாம் என்னடா ஃபிட்டரு?"

அவன் லோரிக்கடியில் குனிந்து, பின் அச்சின் நடுவே உருண்டையாக இருந்த இரும்புப் பெட்டியைத் தட்டிக் காட்டினான். "இதுதான் டிப்ரன்சல். வளைவுல ரெண்டு சக்கரமும் வேற வேற வேகத்துல சுத்தணும்ல, அதுக்காக இஞ்சின் இழுவையப் பிரிச்சுக் குடுக்கும். ஆனா ஒரு சக்கரம் சேத்துல வழுக்குச்சுன்னா இழுவை பூரா அதுக்கே போயிரும்கா. கெட்டித் தரையில நிக்கிற சக்கரம் சும்மா கெடக்கும்."

"என்ன அநியாயம்டா இது! ஒழுங்கா நிக்கிறதுக்கு ஒன்னுமே கெடையாதா?"

"அதுக்குத்தான் லாக்கு இருக்கு. ரெண்டையும் சேத்துப் பூட்டிரும்."

பெட்டிக்குள் இருக்கும் பல்சக்கரங்களை வெல்டிங் வைத்து ஒட்டிவிடலாமாம். ஆனால் தார் ரோட்டு வளைவில் ஒரு நாள் அச்சே முறிந்துவிடுமாம். தட்டு தட்டாக அடுக்கிய இன்னொரு சாதி லாக்கு உண்டு, பூப்போல வேலை செய்யும், அது அமெரிக்காவிலிருந்து கப்பலில் வரவேண்டும். வருவதற்குள் மழைக்காலமே முடிந்துவிடும் என்று அதைத் தள்ளினேன். அவன் பட்டறையில் பட்டாளத்தார் கழித்துவிட்ட லோரி ஒன்று பிரித்துக் கிடந்தது. அதற்குள் பல் வைத்த லாக்கு இருந்தது. எங்களுடையதும் அதே பட்டாளத்து லோரிதான் என்பதால் அப்படியே பொருந்தும் என்றான்.

"ஆனா வளைவுல டக்கு டக்குனு கத்தும்கா. டயரும் சீக்கிரம் தேஞ்சிரும்."

"கத்தட்டும். இந்த வீட்ல நான் கத்தாததா?"

விஷயத்தைச் சொன்னதும் எங்கள் வீட்டுக்காரர் காய்ச்சலோடு எழுந்து உட்கார்ந்துவிட்டார். "நெசமாவா? எந்த மழையிலயும் போகுமா?"

"போகும். பொழுதோட லோட முடிச்சிட்டு தெனமும் வீட்டுக்கு வந்துரலாம்."

"பூங்காவனம், நீ மவராசிடி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கலியாணமான நாளிலிருந்து அவர் வாயால் அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலையில் அப்பாசாமி லோரியைக் கட்டை கொடுத்துத் தூக்கி, அச்சை இரண்டு பக்கமும் உருவி, பெட்டியைத் திறந்தான். கறுப்பு எண்ணெய் வாசலெல்லாம் ஓடியது. பெரிய பல்சக்கரத்தைக் கழற்றிப் புது லாக்கின்மேல் பூட்டினான். பல்லோடு பல் சரியாகப் படிகிறதா என்று பார்க்கச் சாயம் பூசவேண்டுமாம். ஐயா சாயத்தைப் பட்டறையிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார்.

"குங்குமம் எடுக்கா" என்றான். எண்ணெயில் குழைத்துப் பல்லில் தடவிச் சுற்றிப் பார்த்தான். சிவப்பு அழிந்த இடம் பல்லின் நடுவே வரும்வரை மெல்லிய தகடுகளை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தான். என் சிமிழ் காலியானது. "மாமாவுக்காகத்தானே வைக்கிற" என்று சிரித்தான் படவா.

பெட்டியை மூடியபோது வானம் இருண்டு மழை பிடித்துக்கொண்டது. சேற்றில் ஏற்றிப் பார்க்காமல் வண்டியைக் கொடுக்க மாட்டேன் என்றான். "அப்ப அவரு எப்பவும் மாட்டுற சந்துக்கே விடு" என்றேன். அவர் போர்த்திக்கொண்டு தூங்கினார், எழுப்ப மனசு வரவில்லை. கோணிச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நானும் ஏறினேன். ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருத் திருப்பத்தில் லோரி கத்திய கத்தில் ஜவுளிக்கடைக்காரர்கள் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

செமாபோக் சந்து குளமாகக் கிடந்தது. "சூளைக்குத்தான் தார் ரோடு போகுதே, மாமா ஏன்கா இந்த வழியா வர்றாரு?" என்றான் அப்பாசாமி.

"நீ ரோட்டப் பாத்து ஓட்டுடா" என்று எரிந்து விழுந்தேன்.

இடது பின்சக்கரம் அச்சு வரை இறங்கியது. வலது சக்கரம் ஓரத்துப் புல்தரையைப் பிடித்துக்கொண்டது. லோரி ஒரு குலுக்குக் குலுக்கி மெல்ல ஏறி வெளியே வந்தது. "பாத்தியாக்கா!" என்று அவன் கூவினான். நான் சின்னப்பிள்ளை மாதிரி கைதட்டினேன்.

சந்து முடிந்த இடத்தில் சூளை இல்லை. தகரக்கூரை வீடு ஒன்று, புதுச் செங்கல்லில் கட்டிய படி. லோரிச் சத்தம் கேட்டு ஒருத்தி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, குனிந்தபடியே மழையில் ஓடி வந்தாள்.

"ஐயோ, எப்படி வந்தீங்க? மழைன்னா சந்துல மாட்டிக்கிட்டு பெரியவ வீட்டுக்குல்ல திரும்பிப் போயிருவீங்க! நான் ஒலையே வைக்கலையே!"

நிமிர்ந்தாள். அப்பாசாமியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். திரும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெயில் நாளெல்லாம் அவளுக்கு. மழை நாள் மட்டும், அதுவும் இந்தச் சேறு பிடித்து நிறுத்தியதால், எனக்கு. அந்த மழை நாளையும் நானே முன்னின்று தூக்கிக் கொடுத்திருக்கிறேன்.

அப்பாசாமி பல்லை நறநறவென்று கடித்தான். "வாக்கா வீட்டுக்கு. காய்ச்சலாவது மண்ணாவது, அந்த ஆள இன்னிக்கு ரெண்டுல ஒன்னு கேட்டுர்றேன்."

"கேக்கலாம்டா, நானும் கேக்கத்தான் போறேன்" என்றேன். "மொதல்ல பழைய டிப்ரன்சல எடுத்து மாட்டு. அவரு காய்ச்சல் விட்டு எந்திரிக்கிறதுக்குள்ள மாட்டிரணும். மழ இன்னும் ரெண்டு மாசம் இருக்கு."