மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு டின் பெட்ரோல்

என் அத்தை மகன் அழகேசனுக்குப் பாடாங் செராயில் ஒரு வாடகைக் கார் இருந்தது. ஓட்டை வண்டி என்பதால் ஊரைப் பிடித்த ஜப்பான்காரன்கூட அதைப் பிடுங்கிக்கொள்ளவில்லை. பெட்ரோல் கிடைக்காமல் போனதும் கோழிகள் அதில் அடைந்தன. மச்சானோ காரை வாசலில் விட்டுவிட்டு, பெட்ரோல் விலை கேட்கச் சைக்கிளில் சுங்கைப் பட்டாணிக்குப் போய் வருவார். இப்படியும் ஒரு மனிதர்!

எனக்கும் மச்சானுக்கும் பேசி முடித்த கல்யாணம் அந்த விலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அக்காவின் மாப்பிள்ளை ஜப்பான் சண்டைக்கு முன்னால் காரில் வந்து இறங்கியவர். "கார் வச்சிருக்கிறவன் நடந்து வந்தா நம்ம மானம் என்னாவும்? மாப்பிள்ளை அழைப்புக்குக் காடி வரணும்லா" என்று, காரைக் 'காடி' என்றே சொல்லும் அப்பா ராமையா ஒற்றைக்காலில் நின்றார்.

இதற்கிடையில் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடிக்கத் தொடங்கியிருந்தார்கள். கல்யாணமாகாதவர்களைத்தான் முதலில் பிடிக்கிறார்களாம். எங்கள் பாடாங் மேஹா தோட்டம் முழுக்க இதே பேச்சு. போனவர்கள் ஒருவரும் திரும்பவில்லை. பயத்தில் நான் மச்சானை நச்சரிக்கத் தொடங்கினேன்.

மச்சான் அசைந்தால்தானே! "நேத்து போத்தல் பத்து வெள்ளி. இன்னைக்குப் பன்னெண்டு. கொஞ்சம் பொறு புஷ்பவள்ளி, அடுத்த வாரம் எறங்கிடும்."

"எறங்காட்டி?"

"ஏறுனது எறங்காம எங்க போவும்?"

ஒருவழியாக ஒரு டின் வாங்கினார். அப்பா நாள் குறித்தார். கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது மச்சான் பல்லெல்லாம் தெரிய வந்து நின்றார்.

"வெல எக்கச்சக்கமா ஏறிப்போச்சு! அந்த டின்ன நல்ல லாவத்துக்கு வித்துட்டேன். நாளைக்கு எறங்குனதும் ரெண்டு டின்னா வாங்கிடலாம்."

கையிலிருந்த மரவள்ளிக்கிழங்கை அவர்மேல் எறிந்தேன். குறி தப்பவில்லை.

விலை இறங்கவில்லை. ஜப்பான்காரன் அடித்த வாழைமர நோட்டுக் கட்டோடு கடை கடையாக அலைந்தவருக்கு ஒரு போத்தல்கூடக் கிடைக்கவில்லை. கல்யாணத்தைத் தள்ளி வைப்பதாக அப்பா சொன்னதும் எனக்கு ஆத்திரம் பொங்கியது. "காடி வரும்ப்பா. எப்படி வருதுன்னு மட்டும் கேக்காதீங்க" என்றேன். லயத்து வரிசை வீட்டு இளவட்டங்களிடம் போய்க் கெஞ்சினேன். திருவிழாவில் தேர் இழுக்கிற கைகள் அவை. வடத்தைத் தோளில் போட்டுக்கொண்டு பாடாங் செராய்க்கு ஓடினார்கள்.

மேளம் முன்னே வர, பின்னே கார் 'அரோகரா' முழக்கத்தோடு வந்தது. ஆரத்தித் தட்டோடு அக்கா கதவைத் திறந்தாள். மாப்பிள்ளை சீட் காலி! மேட்டில் கார் ஏறாததால் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வியர்க்க விறுவிறுக்கப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தார் மச்சான். அப்பாவே சிரித்துவிட்டார்.

மறுவீட்டுக்கு எங்கள் லயத்தில் தங்கியிருந்தபோது தோட்டத்தில் ஆள் கணக்கெழுதும் கிராணி ஜப்பான் சிப்பாய்களோடு வந்தார்.

"கல்யாணம் ஆவாதவங்க வெளிய வாங்க!" மச்சானைப் பார்த்ததும் நின்றார். "நீ?"

மச்சான் என் பின்னால் ஒதுங்கினார். நான் முன்னால் போய், ஈரமஞ்சள் தாலியை எடுத்துச் சேலைக்கு மேலே போட்டுக்கொண்டேன். கிராணி அதைப் பார்த்தார். பிறகு அடுத்த வீட்டுக்குப் போனார்.

எங்கள் காரை இழுத்து வந்தவர்களில் பாதிப்பேர் கல்யாணமாகாதவர்கள்; அன்றைக்கே சயாமுக்கு லாரியில் ஏற்றிவிட்டார்கள். மச்சான் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவரும் அழுதார். அந்த லாரிக்கு மட்டும் பெட்ரோலுக்குக் குறைவே இல்லை.