முதிரை அலுமாரியில் வண்டு

ஸைனுலாப்தீன் முப்பது வயதுக்குள் சொன்ன பொய்களில் அந்த வண்டுதான் ஆகச் சின்னது. வாயில் வந்ததைச் சொன்னான், அவ்வளவுதான். அது மூன்றே நாளில் மருதமுனையைச் சுற்றிவந்து ஒரு தச்சரின் பிழைப்பில் கைவைக்கும் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை.

இது நடந்தது எண்பத்தொன்றில். கல்முனை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு றேடியோக் கடையில் அவனுக்கு வேலை. சொந்த ஊர் சாய்ந்தமருது. கல்யாணம் முடித்ததும் எங்கள் பக்கத்து வழக்கப்படி உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மருதமுனையில் மனைவி றுகையாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். வீடு அவளுடையது. வளவும் கிணறும் அவளுடையவை. கட்டிலும் அலுமாரியும்கூட அவள் வாப்பா செய்வித்துக் கொடுத்தவை. இவன் கொண்டுவந்தது நாலு சாரன், ஒரு சோல்டரிங் அயன், ஒரு பழைய கிற்றார். வீட்டோடு வந்த மாப்பிள்ளைக்கு எங்கள் ஊர்களில் மரியாதை பலமாகத்தான் இருக்கும். ஆனால் அது பெண்வீட்டார் கொடுக்கிற மரியாதை. அவர்கள் முகத்தைச் சுளித்தால் ஊரும் சுளித்துவிடும்.

பாண்டிருப்புச் செல்லத்தம்பியின் இசைக்கோஷ்டியில் ஆறு வருடமாகப் பின்னால் நின்று கிற்றாரில் பக்கவாத்தியமாகக் கோட்ஸ் பிடித்துக்கொண்டிருந்தான் ஸைனுலாப்தீன். பாட்டுக்குப் பாட்டு அவன் கை ஓய்ந்ததில்லை, ஆனால் அவன் பெயரைக் கேட்டவர் ஒருவரும் இல்லை. முன்னால் நின்று லீட் வாசித்தவன் திடீரென்று கட்டார் நாட்டுக்குப் பறந்துவிட்டான். கல்முனையில் கார்னிவல் நெருங்கிக்கொண்டிருந்தது. தபால் கந்தோரில் வேலை முடிந்து வந்த செல்லத்தம்பி றேடியோக் கடை வாசலில் சைக்கிளை நிறுத்தினான்.

"ஸைனு, லீட்ட உனக்கே தாறன். ஆனா அந்தத் துவக்கத் துண்டு இருக்குதே, அதில ஹமர் ஓனும் புல் ஓஃபும் சுத்தமா விழவேணும். மூண்டு கிழமை தாறன். மூண்டாவது வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்து வாசிச்சுக் காட்டு. விழல்லயெண்டா மட்டக்களப்பில இருந்து ஒருத்தனக் கூப்பிடுவன். பிறகு என்னோட கோவிக்கப்படாது."

ஸைனுலாப்தீன் ஓம் என்றான். ஆறு வருடம் காத்திருந்தவன் வேறு என்ன சொல்வான்?

விஷயம் சொல்வதற்குச் சுலபம். வலக்கை நரம்பை ஒருமுறைதான் சுண்டும். அடுத்த சுரத்தை இடக்கை விரலே மேலிருந்து இறங்கி, பிரெட் கம்பிக்குச் சற்றுப் பின்னால் அடித்து எழுப்பவேண்டும். அது ஹமர் ஓன். பிறகு அதே விரல் நரம்பைவிட்டு விலகும்போது பழைய சுரம் திரும்பப் பேசவேண்டும். அது புல் ஓஃப். இவன் விரலை நேரே மேலே தூக்கினான். சுரம் செத்துப்போனது. தூக்கக்கூடாது, நரம்பைக் கீழ்நோக்கி இழுத்து உதறிவிட்டுப் போகவேண்டும் என்று செல்லத்தம்பி காட்டிக்கொடுத்தான். இன்னொன்றும் சொன்னான்: "வலக்கைய மடியில வெச்சிரு. இடக்கையால மட்டும் தட்டு, இழு, தட்டு, இழு. அதில சத்தம் வந்தாத்தான் விரலில பலம் இருக்கெண்டு அர்த்தம்."

இதைக் கேட்டதும் ஸைனுலாப்தீனுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். காரணம் அவன் வீட்டில் இருந்தது. மாமனார் மீராசாஹிபு மவுத்தாகி ஒன்றரை மாதம்தான். மாமி ஹப்ஸா, கணவனை இழந்த பெண் இருக்கவேண்டிய இத்தாவில் இருந்தார். நாலு மாதமும் பத்து நாளும் முடியும்வரை வெளியே போவதில்லை, உள்ளறையில் வெள்ளைப் புடவையோடு ஓதிக்கொண்டிருப்பார். மருமகன் முன்னால் மறைந்திருக்கத் தேவையில்லை என்றாலும், திரைச்சீலைக்கு இப்பால் நின்று கதைப்பதுதான் அந்த வீட்டுப் பழக்கம். றேடியோவையே துணிபோட்டு மூடியிருந்தார்கள். அந்த வீட்டில் கிற்றாரைச் சுண்டுவதும் தெருவில் நின்று செருப்பால் அடிவாங்குவதும் ஒன்றுதான். சுண்டாமலே பழகலாம் என்றால் அது யாருக்குக் கேட்கப்போகிறது?

"எனக்கு ஒண்டும் தெரியா. என்னட்டக் கேக்கவும் வேணாம்," என்றாள் றுகையா. அதை அவன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

நண்பகல் லுஹர் தொழுகைக்குக் கடை பூட்டினால் மூன்று மணிக்குத்தான் திறப்பார்கள். சோற்றைத் தின்றுவிட்டு அறைக்குள் கதவைச் சாத்திக்கொள்வான். முதல் நான்கு நாள் விரல் நுனி வெந்ததுதான் மிச்சம். சத்தம் அவனுக்கே கேட்கவில்லை. சுத்தமாக விழுகிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்? ஐந்தாம் நாள் தற்செயலாகக் கிற்றாரின் தலை அலுமாரியில் முட்டியது. அடுத்த தட்டு அலுமாரி முழுக்க ஓடி, கூரையடியில் நின்று பேசியது. றேடியோக்காரன் அல்லவா, உடனே விளங்கிவிட்டது. அன்றிலிருந்து கிற்றாரின் தலையை அலுமாரியில் சாய்த்துவைத்து, காதையும் பலகையில் ஒட்டிக்கொண்டு பழகினான். ஒவ்வொரு பிழையும் தெளிவாகக் கேட்டது. தட்டு விழத் தொடங்கியது. இழுப்பு மட்டும் மூன்றுக்கு ஒன்று பழுதாகப் போனது.

அவன் யோசிக்காதது ஒன்று உண்டு. மகளுக்கு மாப்பிள்ளை எடுத்தபோது மீராசாஹிபு ஒரு பெரிய அறையை இரண்டாக்கினார். சுவர் கட்டக் கையில் வசதி இல்லை. வைரம் பாய்ந்த முதிரை மரப் பலகையில் ஆளுயரத்துக்கு மேலே ஒரு அலுமாரி செய்வித்து நடுவில் நிறுத்தினார். அலுமாரியின் முகம் மகளுக்கு, முதுகு தனக்கும் பெண்சாதிக்கும். அந்த முதுகை ஒட்டித்தான் மாமியின் கட்டில் கிடந்தது.

இரண்டாம் கிழமை முடிவில் ஒருநாள் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து மாமி கூப்பிட்டார்.

"மருமகன், அந்த அலுமாரிக்குள்ள என்னமோ தட்டுற சத்தம் கேக்குது. பகலில சோத்துக்குப் பொறகு. என்னெண்டு பாத்தீங்களா?"

"வண்டாக்கும் மாமி," என்றான். "மரத்தில விழுற வண்டு."

அங்கேயே தலையைக் குனிந்து உண்மையைச் சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். மனிதன் அப்படிச் செய்கிறானா?

மறுநாள் துக்கம் விசாரிக்க வந்த பெண்களிடம் மாமி கண்கலங்கினார். மீராசாஹிபு அந்தப் பலகைக்காக எத்தனை நாள் அலைந்தார், தச்சுப் பட்டடையில் பக்கத்தில் நின்று எத்தனை மாதம் செய்வித்தார், மண்ணுக்குள் போய் இரண்டு மாதமாகவில்லை, அவர் கைபட்ட சாமானை வண்டு தின்கிறதே என்று புலம்பினார். பக்கத்து வளவு நாச்சியா அந்தச் சேதியைச் சும்மா விடவில்லை. ஒரு விஷயம் நாச்சியாவின் காதில் விழுவதும் கூரையில் ஒலிபெருக்கி கட்டுவதும் ஒன்று. முகைதீன்பாவா செய்த அலுமாரியில் வண்டு விழுந்துவிட்டது என்ற பேச்சு சந்தைவரை போய்விட்டது.

முகைதீன்பாவா அந்த அலுமாரியைச் செய்த தச்சர். மூன்றாம் நாள் காலையில் உளியும் அதை அடிக்கிற கொட்டானும் எடுத்துக்கொண்டு அவரே வந்து நின்றார். முகம் கறுத்திருந்தது. பலகையைத் தட்டினார். அலுமாரியின் காலைத் தூக்கிப் பார்த்தார். விரலால் அடியைத் தடவி, தூள் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"முதிரையில வண்டு விழாது தம்பி. நாப்பது வருஷமா இந்த வேல செய்றன், விழுந்ததக் கண்டதில்ல. ஒரு துளையில்ல, ஒரு பொட்டுத் தூளில்ல. ஆனா நற்பிட்டிமுனையில ஒராள் மகளுக்குச் சீதன அலுமாரி சொல்லியிருந்தார், நேத்து வந்து வேணாமெண்டுட்டார். என்ட பேரு நாறிப்போச்சு. நாளைக்கி வந்து முதுகுப் பலகையக் கழட்டுறன். உள்ளுக்கு வண்டு இருந்தா என்ட கையால எரிக்கிறன். இல்லாட்டி ஊரக் கூட்டி அந்தப் பலகையக் காட்டுறன்."

ஸைனுலாப்தீன் தலையாட்டினான். அவர் படலையைத் தாண்டிப் போனபிறகும் தலை ஆடிக்கொண்டே இருந்தது. வெட்கம் என்றால் அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. ஒரு மனுஷன் தன் வேலைக்காக வயிறெரிந்து நிற்கிறார், மாமி கட்டிலில் கிடந்து அழுகிறார், இவன் ஒரு சுரம் சுத்தமாக விழவில்லையே என்று கவலைப்பட்டிருக்கிறான். தன்மேல் அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

திரைச்சீலைக்கு முன்னால் போய் நின்றான்.

"மாமி, அது வண்டில்ல. நான்தான்."

கிற்றார், செல்லத்தம்பி, இடக்கை, அலுமாரியில் சாய்த்தது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டான். வலக்கையால் ஒருமுறைகூட நரம்பைத் தொடவில்லை என்பதை மட்டும் இரண்டுதரம் சொன்னான். உள்ளே தஸ்பீஹ் மணி உருள்கிற சத்தம் நின்றது.

"மூணு நாளா நான் கண் மூடல்ல, மருமகன்," என்றார் மாமி. குரலில் கோபம் இல்லை, அதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. "தட்டினதுக்கு நான் ஒண்டும் சொல்லல்ல. பொய் சொன்னீங்களே, அது ஹறாம். அந்த மனிசன்ட வயித்தில அடிக்கிற பொய். போய் அவர்ட்ட உள்ளதச் சொல்லிட்டு வாங்க."

"சொன்னா ஊரு என்ன மாமி கதைக்கும்? மவுத்து வூட்டில மருமகன் கிற்றார் அடிக்கான் எண்டு..."

"அத வண்டெண்டு சொல்லக்குள்ள யோசிச்சிரிக்கணும்."

போனான். பட்டடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். சொன்னான். முகைதீன்பாவா முதலில் வாயைப் பிளந்தார், பிறகு அல்லாஹ்வைப் புகழ்ந்தார், பிறகு உளியைப் போட்டுவிட்டு இவன் கையைப் பிடித்தார். விடவில்லை. நற்பிட்டிமுனைக்காரரின் கடைக்குக் கூட்டிப்போய் இன்னொருதரம் சொல்லவைத்தார். வழியில் தேத்தண்ணிக் கடையில் ஒருதரம், பள்ளிவாசல் மூலையில் ஒருதரம். நாலாம் தரம் சொல்லும்போது ஸைனுலாப்தீனுக்குக் கதை சரளமாகவே வந்தது. கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையின் அர்த்தம் அவனுக்குத் தெரியும். சீதன அலுமாரி வேலை முகைதீன்பாவாவுக்குத் திரும்பக் கிடைத்தது. ஸைனுலாப்தீன் வீட்டுக்கு வந்து, கிற்றாரைச் சாரனில் சுற்றி அலுமாரிக்கு மேலே போட்டான். லீட் போனால் போகட்டும், இந்த வீட்டில் இனி எந்த முகத்தோடு சோறு தின்பது என்பதுதான் அவன் கவலை.

மறுநாள் சோற்று நேரம் நாச்சியா வந்தாள். ஸைனுலாப்தீன் அறைக்குள் சட்டையைக் கழற்றிக்கொண்டு நின்றான். அவன் சத்தம் அந்தப் பக்கம் போன வழியால் அவள் சத்தம் இந்தப் பக்கம் வந்தது.

"என்னகா ஹப்ஸா, ஊரெல்லாம் ஒரே கதையாக் கிடக்கு. மையித்து எடுத்த வூடு, நீ இத்தாவில இரிக்காய், ஒண்ட மருமகன் அங்கால இரிந்து கிற்றார் அடிக்கானாமே? மீராசாஹிபு இரிந்தா இப்பிடி நடக்குமா? இவன இன்னும் வூட்டுக்குள்ள வெச்சிரிக்கியே, ஒனக்கு ரோசமில்லியாகா?"

ஸைனுலாப்தீன் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றான். மாமி ஒரு சொல் சொன்னால் போதும். 'ஓம்கா, எனக்கும் வெறுத்துப்போச்சு' என்றால், இரண்டு வருட மாப்பிள்ளைத்தனம் அன்றோடு சரி. பின்னேரத்துக்குள் சாய்ந்தமருதுக்குப் பெட்டி கட்டவேண்டியதுதான். றுகையா குசினியில் சமையலை விட்டுவிட்டு அறை வாசலில் வந்து நின்று அவனையே பார்த்தாள்.

"நான்தான் பழகச் சொன்ன," என்றார் மாமி.

"என்னது?"

"ஓம்கா. ஆறு வருஷமா மனிசன் பின்னுக்கு நிக்கிறார், இந்தத் தரமாவது படிங்க எண்டு நான்தான் சொன்ன. சத்தம் போடாம இடக்கையால மட்டும் தட்டுங்க எண்டு சொன்னதும் நான்தான்."

"அப்ப அந்த வண்டு?"

"அதையும் நான்தான் சொல்லச் சொன்ன. ஒங்களப் போல ஆக்கள் இப்பிடி வந்து கேப்பீங்க எண்டு எனக்குத் தெரியும்தானே. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

நாச்சியா தேத்தண்ணி குடிக்கவில்லை. செருப்பு இழுபடுகிற சத்தம் படலைவரை கேட்டது. ஸைனுலாப்தீன் அப்படியே தரையில் குந்திவிட்டான். தன் வாப்பா செத்ததற்கும் அழாதவன், சட்டையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

"மருமகன்," என்று பலகைக்கு அப்பாலிருந்து மாமி கூப்பிட்டார்.

"மாமி."

"அங்கதான் இரிக்கீங்க எண்டு தெரியும். வெள்ளிக்கிழமைக்கி இன்னும் எத்தின நாள்?"

"மூணு, மாமி."

"அதுக்குள்ள சுத்தமாப் படிச்சி முடிங்க. இத்தாவில இரிந்துக்கிட்டு ஒங்களுக்காக மூணு பொய் சொல்லிட்டன். நாலாவது என்னால ஏலா."